நன்கு முதிர்ந்த தக்காளி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து வருஷக்கணக்காகிறது. நினைப்பேன், தள்ளிப்போடுவேன். நான் எட்டாவது வரை படித்தவள். எழுதினால் பிழை வரும், படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் என் கோபம். கோபத்தை மனசில் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கப் போகக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். கோபத்தோடு எழுத உட்காருவதும் அதே போலத்தானே என்று தோன்றும். சரி, தணியட்டும், தணிந்தபின் எழுதலாம் என்று காத்திருந்தேன். ஒரு தவக்காலம் வந்தது, போனது. அடுத்ததும் போனது. தணியவில்லை. இனித் தணியும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர், திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தக்காளிதான் எங்களுக்கு எல்லாம். விலை இருக்கும்போது பறிக்க ஆள் கிடைக்காது. விலை இல்லாதபோது பறித்ததை வாங்க ஆள் கிடைக்காது. அப்படிப்பட்ட நாட்களில் மார்க்கெட்டுக்குப் போன வண்டி பாதி வழியில் நிற்கும், பழத்தை ரோட்டோரம் கொட்டிவிட்டுக் காலிப் பெட்டியோடு திரும்பும். மாடு வந்து தின்னும். கொஞ்ச நேரத்தில் அதுவும் சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் திட்டம் வந்தது. தக்காளியைக் கூழாக்கி அடைக்கிற கூடம் ஒன்று கட்டுவார்களாம். கட்டடம் அரசாங்கம் கொடுக்கும். மெஷினும் அதை ஓட்டுகிற வித்தையும் ஒரு கல்லூரி கொடுக்கும். கூழை வாங்கிக்கொள்வது ஒரு கம்பெனி. இந்த மூன்று பேரையும் ஊரோடு சேர்த்துவைக்க ஊருக்கு ஒருவர் வேண்டும், அவருக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர், அவருக்குத் திண்டுக்கல்லில் அந்தக் கல்லூரியிலேயே பயிற்சி. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு ஊரும் தன் தக்காளியைக் கொண்டுபோய் அந்த மெஷினில் ஓட்டிக் காட்ட வேண்டும். எந்த ஊர்ச் சரக்கு சரியாக வருகிறதோ அந்த ஊருக்குக் கூடம். ஒரே ஒரு கூடம்தான்.

மகளிர் குழுக் கூட்டத்தில் யார் போவது என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என் கொழுந்தன் பெண்டாட்டிதான் வாயைத் திறந்தாள். அவள் பழனிப் பக்கத்துப் பெண், பேச்சு அந்தப் பக்கத்துப் பேச்சு.

"அக்கா போகட்டுமுங்க. அக்காதான் பூசையில வாசகம் வாசிக்கிறாங்க. மைக்கைக் கண்டா நமக்குத்தான் கையி நடுங்குது, அவிகளுக்கு நடுங்காது."

இதைச் சொன்னவள் அவள்தான் என்பதைப் படிக்கிறவர்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவளே அதை இல்லை என்றாள்.

கல்லூரியில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஒரு பேராசிரியை. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். பருத்திச் சேலையும் தோளில் மைக்கும் சுறுசுறுப்பும். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. எங்கள் தலைக்கு மேல் சுவரில் விழுகிற படத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

முதல் நாள் ஒரு விளையாட்டு வைத்தார். என்னை நடுவில் நிறுத்தி இடுப்பில் கயிறுகள் கட்டி, ஒரு கயிற்றைப் பிடித்தவர் கல்லூரி என்றார், இன்னொருவர் கம்பெனி, இன்னொருவர் அரசாங்கம். மூவரும் இழுக்க வேண்டும், நான் கீழே விழாமல் நிற்க வேண்டும். என்னோடு பயிற்சிக்கு வந்தவர்களில் வடமதுரைப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் துண்டை உதறிக்கொண்டு சொன்னார்:

"ஏத்தா, இப்படித்தான் எங்கூருல சந்தையில மாட்டைப் பிடிச்சு நிறுத்தி வச்சு பல்லைப் பாப்பாங்கெ. வாயைத் தொறந்துராத."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "ஐயா, கவனிங்க, இது சீரியஸான விஷயம்" என்றார்.

ஒருங்கிணைப்பாளர் என்ற அந்த நீளமான சொல்லை நான் எனக்குப் புரிந்த மாதிரி எடுத்துக்கொண்டேன். ஜெபமாலை சொல்லும்போது மாதாவிடம், எங்களுக்காகப் பரிந்து பேசும் என்று கேட்கிறோமே, அதுதான். பெரிய இடத்தில் நமக்கு வாய் வராது. நமக்காக ஒருத்தி போய் நிற்கிறாள். அந்த வேலை என்றால் செய்யலாம், புண்ணியம் என்று நினைத்தேன்.

மேடம் வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தார். "நீங்க ஒரு பைப் மாதிரி. இந்தப் பக்கம் வர்ற தண்ணி அப்படியே அந்தப் பக்கம் போகணும். பைப் தண்ணியில உப்புப் போடுமா? சர்க்கரை போடுமா? நாங்க என்ன சொல்றோமோ அதை ஊர்ல அப்படியே சொல்லுங்க. உங்க சொந்தச் சரக்கைச் சேர்க்காதீங்க."

"எங்கூருப் பைப்புல காத்துதான்மா வருது" என்றார் வடமதுரைப் பெரியவர்.

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. மத்தியானம் பிரியாணி கொடுத்தார்கள். நான் மூடி வைத்துவிட்டு, தயிர்ப் பச்சடியைத் தொட்டுக்கொண்டு வாழைப்பழம் தின்றேன். மேடம் அந்தப் பக்கமாக வந்தவர், "என்னம்மா டயட்டா?" என்றார். தவக்காலம் மேடம், வெள்ளிக்கிழமை கவிச்சி இல்லை என்றேன். "ஓ, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே. நீங்கள்லாம் எதையும் கேக்கவே மாட்டேங்கறீங்க, அதான் பிரச்சனை" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பிரியாணியை வடமதுரைப் பெரியவர் சாப்பிட்டார்.

பயிற்சியின் கடைசி நாளில் மேடம், மெஷினுக்குக் கொண்டுவர வேண்டிய சரக்கு எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னார். அடிபடாதது, புழு இல்லாதது, காம்பு நீக்கியது. பிறகு மைக்கில் அழுத்திச் சொன்னார்: "நன்கு முதிர்ந்த தக்காளி. நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. நன்கு முதிர்ந்த தக்காளி." எங்களை ஒரே குரலாகத் திருப்பிச் சொல்லவும் வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலச் சொன்னோம்.

எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்திருந்தால் அல்லவா கேட்டிருப்பேன்? எங்கள் பக்கம் தக்காளி முற்றியது என்றால், காய் முழு வளர்த்தி வந்து, பச்சை வெளுத்து, அடியில் லேசாகச் சிவப்புக் கோடு ஓடுகிற பதம். செங்காய் என்போம். அந்தப் பதத்தில் பறித்தால்தான் கேரளா போகிற லாரியில் நசுங்காமல் போய்ச் சேரும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நல்ல சரக்கு என்றால் செங்காய்தான். முழுக்கச் சிவந்ததற்கு எங்கள் பேச்சில் முதிர்ந்தது என்று பேரே இல்லை. அது பழம். பழம் என்றால் கழிவுக்குப் பக்கம் என்று அர்த்தம்.

ஊருக்கு வந்து அப்படியே சொன்னேன். உப்பும் போடவில்லை, சர்க்கரையும் போடவில்லை.

"நல்லா முத்துன காயா வேணும்கிறாக?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நன்கு முதிர்ந்த தக்காளி. மைக்குலயே சொன்னாக."

"அப்பச் சரி. கேரளாச் சரக்கு மாதிரி பாத்துப் பறிச்சிருவோம். கம்பெனிக்காரன் தரம் தெரிஞ்சவந்தான்."

ஊரே தக்காளிக் காட்டில் இறங்கியது. என் கொழுந்தன் பெண்டாட்டி தன் தோட்டத்தில் முதல் பறிப்பை அதற்கென்றே நிறுத்தி வைத்திருந்தாள். சிவந்துபோன பழம் ஒன்று பெட்டியில் விழுந்தாலும் எடுத்து வெளியே எறிந்தாள். "அய்யய்யோ, இது எப்புடி உள்ளாற வந்துச்சு? பாக்கறவிக நம்மூரை என்ன நெனப்பாங்க?" என்றாள். ஒவ்வொரு காயையும் முந்தானையால் துடைத்து அடுக்கினோம். வண்டி புறப்படுமுன் அந்தோணியார் சிலை வைத்த கெபி முன்னால் நிறுத்தி ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். அந்தக் கூடம் எங்கள் ஊருக்கு வந்தால் இனி ரோட்டில் கொட்ட வேண்டாம். அது ஒன்றைத்தான் எல்லோரும் கேட்டுக்கொண்டோம்.

கல்லூரியின் பின்பக்கத்துக் கொட்டகையில் மெஷின் இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் கொழுந்தன் பெண்டாட்டியும் போயிருந்தோம். மேடம் இருந்தார், அரசாங்க அதிகாரி ஒருவர் நாற்காலியில் இருந்தார், கம்பெனியிலிருந்து சட்டையை உள்ளே விட்ட ஓர் ஆள் வந்திருந்தார். எங்களுக்கு முன்னால் வேறு ஊர்ச் சரக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிகளில் ரத்தச் சிவப்பாகப் பழம் இருந்ததைப் பார்த்தேன். பாவம், பறிக்கத் தெரியாதவர்கள் போல என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கம்பெனி ஆள் எங்கள் முதல் பெட்டியைத் திறந்தார். ஒரு காயை எடுத்து விரலால் சுண்டினார்.

"என்னம்மா இது? ஊறுகாய் போடவா கூப்பிட்டோம்?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் காயைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "கிரிக்கெட் வெளையாடலாம் போலிருக்கே."

என் வீட்டுக்காரர், "ஐயா, முத்துன சரக்குத்தான். அசல் செங்காய்" என்றார்.

"செங்காயை வெச்சு நான் என்ன பண்ண? கூழ் எங்க இருக்கு இதுல? கலரு எங்க இருக்கு?"

நான் மேடத்தைப் பார்த்தேன். நன்கு முதிர்ந்த தக்காளி என்றுதானே சொன்னீர்கள் என்றேன். "ஆமா, முதிர்ந்ததுன்னா பழுத்ததும்மா. மத்த ஊருக்காரங்களுக்குப் புரிஞ்சிருக்கே" என்றார். அந்த மற்ற ஊர்க்காரர்கள் கேரளாவுக்கு அனுப்பாதவர்கள், பக்கத்து டவுன் கடைகளுக்குப் பழமாகவே போடுகிறவர்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ரெண்டு நாள் வையிங்க மேடம். வைக்கோல்ல போட்டா பழுத்துரும். இதே சரக்கைத் திரும்பக் கொண்டாறோம்" என்று கெஞ்சினேன்.

அதிகாரி எழுந்துகொண்டே, "இன்னிக்குன்னா இன்னிக்குத்தான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள் கொடுத்தா நாங்க வேலை பாக்க வேணாமா?" என்றார். மேடம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு சொல், ஒரே ஒரு சொல், இவர்கள் சொன்னபடிதான் செய்திருக்கிறார்கள், இன்னொரு முறை பார்ப்போம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் கூடம் வராததுகூடப் பெரிதில்லை. அந்த மௌனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கூடம் அந்தப் பழம் கொண்டுவந்த ஊருக்குப் போனது. நல்லபடியாக ஓடுகிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்குப் பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

பெட்டிகளை அப்படியே ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஊர் எல்லையில் இறங்கியதும் கொழுந்தன் பெண்டாட்டி ஆரம்பித்தாள்.

"படிச்சவிக பேசுறது புரியலீன்னா புரியலீன்னு சொல்லோணும். மைக்குல வாசிக்கத் தெரிஞ்சாப் போதுமா?"

"நீதானடி என்னைப் போகச் சொன்ன?"

"நானெங்க சொன்னேன்? நீங்கதான் சேலையைக் கட்டிக்கிட்டு முன்னால போயி நின்னீங்க!"

அன்றைக்கு நின்றது எங்கள் பேச்சு. ஒரே வாசல், ஒரே அடிபம்பு. அவள் குடத்தை வைத்தால் நான் எடுப்பேன், நான் வைத்தால் அவள் எடுப்பாள், வாய் திறக்க மாட்டோம். ஊரில் எனக்கு ஒரு பட்டப்பெயரும் வந்தது. கடைக்குப் போனால், "ஏலே, முதிர்ந்தம்மா வாராக, வழி விடு" என்பார்கள். கோயிலில் வாசகம் வாசிக்க எழுந்தால் பின்வரிசையில் யாராவது கனைப்பார்கள். நான் வாசிப்பதை விட்டுவிட்டேன். அது எனக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று ஆண்டவருக்குத் தெரியும்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஊர் ஏசுவது மழை மாதிரி, நனைந்துவிட்டுக் காய்ந்துகொள்ளலாம்.

சேவுகம்பட்டியில் கட்டிக்கொடுத்த என் தங்கை மகள் அதே கல்லூரியில் அதே பயிற்சிக்குப் போனாள். மேடம் இப்போதும் அங்கே புதிது புதிதாக ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பாடம் எடுக்கிறார். அவள் வீட்டுக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"பெரியம்மா, கிளாஸ்ல ஒரு கதை சொன்னாங்க. ஒரு ஊருல ஒரு அம்மாவாம். பழம் கொண்டாங்கன்னு தெளிவாச் சொல்லியும், பழத்தைச் சந்தையில வித்துட்டு, பேராசையில பச்சக் காயைப் பெட்டியில அடுக்கிக் கொண்டாந்துச்சாம் அந்த ஊரு. மெஷினே நின்னு போச்சாம். ஒருங்கிணைப்பாளர் சரியில்லேன்னா இப்படித்தான்னாங்க."

அது நான் என்று அவளுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள், அழுதுவிட்டாள்.

பேராசை. முட்டாள் என்று சொல்லியிருந்தால் விழுங்கியிருப்பேன். நாங்கள் பழத்தை விற்கவில்லை, எடுத்து வெளியே எறிந்தோம். மெஷினில் எங்கள் காயை ஒன்றுகூடப் போடவில்லை, அது எப்படி நிற்கும்? பழம் என்ற சொல்லை அவர் வாய் சொல்லவே இல்லை. எங்கள் ஊர் இனி எந்தத் திட்டத்துக்குப் போய் நின்றாலும், அங்கே வந்திருக்கிற ஒருங்கிணைப்பாளர் அந்த வகுப்பில் உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்டவராக இருப்பார்.

மேடத்திடம் நேரில் போய்க் கேட்பது என்று முடிவு செய்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றால், கொஞ்சம் தள்ளி என் கொழுந்தன் பெண்டாட்டி நிற்கிறாள். தங்கை மகள் அவளிடமும் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அவள் ரோட்டின் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக நடந்து கல்லூரிக்குப் போனோம்.

மேடத்துக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. செங்காய் என்று சொன்னதும் தெரிந்தது.

"அட, நீங்களா! உக்காருங்கம்மா. காபி?"

"காபி வேணாம் மேடம். நாங்க பழத்தை வித்தோம்னு சொன்னீங்களாமே?"

"கதைதானேம்மா அது. ஊர்ப் பேரோ உங்க பேரோ சொல்லலையே. கொஞ்சம் மாத்திச் சொன்னாத்தான் மனசுல நிக்கும்."

"எங்களுக்கு மட்டும் அப்படியே சொல்லுன்னு சொல்லிக் குடுத்தீங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்க பாருங்கம்மா, நீங்க அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தப் பேச்சே இல்ல. காயா பழமான்னு ஒரு வார்த்தை."

"நீங்களும்தான் பழம்னு ஒரு வார்த்தை சொல்லல."

அதுவரை கதவோரம் நின்ற கொழுந்தன் பெண்டாட்டி உள்ளே வந்தாள். "ஏனுங்க மேடம், நான் என்ற கையால பழத்தைப் பொறுக்கி வெளிய எறிஞ்சனுங்க. எறிஞ்சது பேராசைங்களா? உங்க புள்ளைககிட்ட அதைச் சொல்லுங்க."

மேடம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, பேராசைங்கறதை எடுத்துடறேன். காயும் பழமும் புரியாமப் போச்சுன்னு சொல்லிக்கறேன். போதுமா?" என்றார்.

"யாருக்குப் புரியாமப் போச்சுன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

 மேடம், வகுப்பு இருக்கிறது என்று எழுந்தார். மைக்கை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

வெளியே வந்ததும் கொழுந்தன் பெண்டாட்டி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இதுக்காக உங்ககூடப் பேச ஆரம்பிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்கக்கா." நினைக்கவில்லை என்றேன். அவள் வேறு பஸ்ஸில் போனாள்.

நான் கோயிலுக்குப் போனேன். பரலோக மந்திரத்தில் எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல என்கிற இடம் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. மற்றதை எல்லாம் சொன்னேன், அந்த வரியை விட்டுவிட்டேன். பொய் சொல்லி ஜெபிப்பதற்கு அது மேல் என்று தோன்றியது. தப்பென்றால் அவரே காட்டட்டும்.

என் தங்கை மகளோடு படித்த ஒரு பெண் போன வாரம் சொன்னாள், கதை இன்னும் அந்த வகுப்பில் ஓடுகிறதாம். பேராசை போய்விட்டது. இப்போது அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம்.

அதனால்தான் இதை எழுதி முடித்தேன். எழுதத் தெரிந்தவள்தான், இதோ எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். வகுப்பு எடுக்கிறவர்களாக இருந்தால் வகுப்பில் சொல்லுங்கள். ஆனால் என்னை நல்லவளாக்கிச் சொல்லாதீர்கள், அந்த மேடத்தைப் பொல்லாதவராக்கியும் சொல்லாதீர்கள். நான் செங்காய் கொண்டுபோனேன் என்றே சொல்லுங்கள். அவர் முதிர்ந்தது என்று சொன்னார் என்றும் சொல்லுங்கள். இதில் இருக்கிற சொல்லை இருக்கிறபடியே விடுங்கள். எங்கள் ஊருக்கு இனி மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.